முழுக்கட்டை வீடு: மரத்தைத் தயார் செய்வது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த் பக்கம் ஒரு பலகை மில்லில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் என் மாமனார் விட்டுப்போன பழத்தோட்டத்தில், அறுக்காத முழு மரக்கட்டைகளைப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரு சின்ன வீடு கட்டினேன். 5 மீட்டருக்கு 6 மீட்டர், முன்னால் ஒரு திண்ணை. படத்தைக் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டதுதான் தாமதம், ஈப்போவிலிருந்து கிள்ளான் வரை சந்தேகங்கள் வந்து குவிந்தன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து விரல் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

"இது குளிர் நாட்டு வீடாச்சே அண்ணே, பினாங்குக்கு ஒத்து வருமா?"

குளிர் நாட்டு வீடுதான். நார்வே, ஃபின்லாந்து, ரஷ்யா, கனடா போன்ற இடங்களில் நெட்டுக்குத்தாக வளரும் ஊசியிலை மரங்கள் பக்கத்திலேயே கிடைத்தன. தடித்த சுவர் வீட்டுக்குள் சூட்டைப் பிடித்துவைத்தது. நம் ஊர்க் கம்பத்து வீடு, அதாவது மலாய்க் கிராமத்து வீடு, இதற்கு நேர் எதிர். உயர்ந்த கால்கள், மெல்லிய பலகைச் சுவர், காற்று நுழையப் பெரிய ஜன்னல். இங்கே முழுக்கட்டையை அடுக்கித்தான் ஆக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. ஆசைதான் காரணம், என் வீட்டுக்கும் அதுதான்.

கம்பத்து வீட்டின் கால்களையும் கூரையையும் கடன் வாங்கிக்கொண்டால் ஒத்து வரும். தரையிலிருந்து 60 சென்டிமீட்டராவது தூக்கிக் கட்டுங்கள். கூரை சுவரைத் தாண்டி ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெளியே நீளட்டும். வெளிநாட்டுக் காணொளிகளில், வசந்தத்தில் பட்டை உரி, குளிர்காலம் முழுக்கக் காயவை என்பார்கள். நமக்கு வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. மரம் கீழே விழுந்த சில நாட்களிலேயே பூஞ்சையும் வண்டும் வேலையைத் தொடங்கிவிடும். அங்கே மாதக் கணக்கில் செய்வதை இங்கே நாள் கணக்கில் செய்ய வேண்டும். கீழே வரும் பாதிப் பதில்கள் இதைச் சுற்றித்தான்.

"எந்த மரம் வாங்கறது? செங்கால்தான் வேணுமா?"

செங்கால் நம் காட்டுக் கனமரம். கிடைத்தால் நல்லது, கையில் பணமும் இருந்தால் இன்னும் நல்லது. (என் மைத்துனர் ஒரு கடைக்குப் போன் போட்டு "செங்கால் என்ன விலை?" என்று கேட்டார். அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப்பையன் ஆயிரம் செங்கல்லுக்கு விலை சொன்னான்.) காய்ந்த செங்கால் ஒரு கன மீட்டருக்கு 915 முதல் 980 கிலோ வரை இருக்கும். அதன் வைரம், அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரம், கரையானுக்கும் பூஞ்சைக்கும் லேசில் மசியாது. திரெங்கானுவில் பாரம்பரியப் படகு கட்டுகிறவர்கள் தேடுவதும் இதைத்தான்.

மலேசியத் தரப்பிரிவில் காய்ந்த நிலையில் 800 முதல் 1,120 கிலோ வரை எடையும் இயற்கையான உறுதியும் உள்ளவை கனமரங்கள். 720 முதல் 880 வரை நடுத்தரம், 400 முதல் 720 வரை இலேசு மரம். முழுச் சுவரும் செங்காலில் போட எனக்கு வசதி இல்லை. மழைச் சாரல் அதிகம் படும் கீழ் இரண்டு வரிசை மட்டும் செங்கால், அதற்கு மேல் நடுத்தரப் பிரிவில் வரும் காப்பூர். வெட்டும்போது கற்பூர வாசனை அடிக்கும். மலாய்ப் பெயரும் நம் கற்பூரமும் ஒரே சொல்தான்.

வாங்கும்போது பெயரைக் கேட்பதோடு நிற்காமல் வெட்டுமுகத்தைப் பாருங்கள். வெளி வளையம் வெளுப்பாகவும் உள்ளே கருத்தும் இருக்கும். உள்ளே கருத்திருப்பது வைரம். வெளுத்த பகுதி செங்காலிலேயே இருந்தாலும் உளுத்துப்போகும். வெள்ளைப் பகுதி மெல்லியதாக இருக்கும் கட்டையைத் தேர்ந்தெடுங்கள். என்ன மரம் என்பதிலேயே சந்தேகம் வந்தால் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிறுவனத்தில் துண்டைக் கொடுத்து அடையாளம் காணலாம்.

"தோட்டத்துலயே பழைய டுரியான், கித்தா, பலா எல்லாம் நிக்குது. காசு கொடுத்து ஏன் வாங்கணும்?"

டுரியான் இலேசு மரம். வெளிச்சுவருக்கு வைத்தால் நிற்காது. மருந்து ஏற்றி, மழை படாத உள்வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பலா பரவாயில்லை. மிருதங்கமும் வீணையும் செய்கிற மரம், வைரம் நல்ல மஞ்சளாக இருக்கும். ஆனால் சுவருக்குத் தேவையான நீளத்துக்கு நேரான பலா எங்கே கிடைக்கிறது? ஜன்னல் நிலைக்கும் படிக்கும் அது போதும்.

கித்தா, அதாவது ரப்பர் மரம் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். நம்மவர்களில் பலருடைய தாத்தா பாட்டி அந்த மரத்தில் பால் வெட்டியவர்கள், அதனால் ஒரு பாசம். நாற்காலி மேசைக்கு அருமையான மரம். ஆனால் அதில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாட்களில் நீலப் பூஞ்சை பாய்ந்துவிடும், வண்டு ஏறிவிடும். மில்களில் அதை உடனுக்குடன் அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்துவது அதனால்தான். மழையில் நிற்கும் சுவருக்கு அது கூடவே கூடாது.

"என் சொந்த நிலத்து மரத்தை நான் வெட்ட யாரைக் கேட்கணும்?"

கேட்கத்தான் வேண்டும். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட உள்ளூர் அதிகாரியிடம் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். செத்துப்போன மரம், விழுந்து ஆபத்து விளைவிக்கும் மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 0.8 மீட்டர் சுற்றளவு என்றால் குறுக்களவு 25 சென்டிமீட்டர்தான். சுவருக்கு ஆகக்கூடிய எந்த மரமும் அதற்குள் அடங்காது.

காட்டு மரமானால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டம். மரத்தை இடம் மாற்ற வனத்துறையின் எடுத்துச்செல்லும் பாஸ் வேண்டும். விற்பவர் "பாஸ் அப்புறம் தரேன்" என்றால் லோரியை ஏற்றாதீர்கள். வீட்டுக்குத் தீவில் பினாங்கு மாநகர் மன்றத்திலும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்திலும் கட்டட வரைபடம் கொடுக்க வேண்டும். தோட்டத்துக் குடிசைதானே என்று விட்டுவிட வேண்டாம்.

"மில்லுல டன் கணக்குல விலை சொல்றாங்க. எடை போட்டா விக்கறாங்க?"

இல்லை. மர வியாபாரத்தில் டன் என்பது எடையே இல்லை, கொள்ளளவு. அறுத்த மரத்துக்கு ஒரு டன் என்றால் 50 கன அடி, அதாவது 1.416 கன மீட்டர். 30 சென்டிமீட்டர் குறுக்களவும் 5 மீட்டர் நீளமும் உள்ள கட்டை 0.35 கன மீட்டர் வரும். அப்படி நான்கு கட்டை சேர்ந்தால் ஒரு டன்.

முழுக்கட்டைக்குப் பழைய ஆட்கள் ஹோப்பஸ் கணக்கு போடுவார்கள். சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. அறுக்கும்போது போகும் சேதாரத்தையும் கழித்தது மாதிரி, உண்மை அளவில் ஏறக்குறைய 78 சதம்தான் கணக்கில் வரும். அந்தக் கணக்கில் ஒரு டன் 1.8 கன மீட்டர். எந்தக் கணக்கில் விலை சொல்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"இறக்கி உருட்ட நாலு பையன்க போதுமா?"

மேலே சொன்ன அந்த ஒரு கட்டை பச்சைச் செங்காலாக இருந்தால் 350 கிலோவைத் தாண்டும். பையன்களை நம்பாதீர்கள், கிரேன் வைத்த லோரியைப் பிடியுங்கள். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட மழையின்போது என் கட்டைகள் செபராங் பிறையில் நண்பர் ஒருவரின் காலி நிலத்தில் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், காப்பூர் இரண்டு மிதந்து போய் அடுத்த வீட்டு வேலியில் சாய்ந்திருந்தன. செங்கால் போட்ட இடத்திலேயே கிடந்தது. பச்சைச் செங்கால் தண்ணீரில் மிதக்காது. எடை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் மனத்தில் பதிந்தது.

கிரேன் போன பிறகு தரையில் நகர்த்த இரண்டு கடப்பாரை, ஒரு செயின் பிளாக், கட்டையைப் புரட்டும் கொக்கி, நிறைய ஆப்பு. சரிவில் வேலை செய்தால் எப்போதும் மேட்டுப் பக்கம் நில்லுங்கள். இரண்டு கட்டைக்கு நடுவில் காலை விடவே கூடாது. கட்டை நின்றவுடன் முதல் வேலை இரு பக்கமும் ஆப்பு வைப்பது, மற்றதெல்லாம் பிறகு. "ஒரு நிமிடம்தானே" என்று ஆப்பு வைக்காமல் சிகரெட் பற்றவைத்த ஒருவனின் இடது கால் பெருவிரல் நகம் இன்னும் கோணலாகத்தான் முளைக்கிறது. சிகரெட்டையும் அன்றோடு விட்டுவிட்டேன்.

"பட்டையை எப்ப உரிக்கறது? பட்டை இருந்தா மரத்துக்குப் பாதுகாப்புதானே?"

உயிரோடு நிற்கும் மரத்துக்குப் பட்டை பாதுகாப்பு. வெட்டிய மரத்துக்கு அது வண்டு வளர்க்கும் தொட்டில். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள ஈரமான தோலில்தான் சத்து எல்லாம் இருக்கிறது. கட்டை வந்த அன்றே, முடியாவிட்டால் அந்த வாரத்துக்குள் உரித்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது நீளநீளமாகக் கழன்று வரும். இரண்டு வாரம் காய்ந்துவிட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

என் முதல் தொகுதிக் கட்டைகளில் மூன்றைத் தீபாவளி வாரத்தில் உரிக்காமல் கேன்வாஸ் போட்டு மூடிவிட்டு ஊருக்குப் போனேன். ஒன்பது நாள் கழித்துத் திறந்தால், பட்டை முழுக்கக் குண்டூசித் துளை. ஒவ்வொரு துளையிலிருந்தும் வெள்ளையாக ஒரு தூள், இடியாப்ப அச்சில் பிழிந்த மாதிரி மெல்லிய இழையாக நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டால் உதிர்ந்தது. கீழே மோந்து பார்த்தால் புளித்த வாசனை. பச்சை மரத்தில் துளைபோட்டு உள்ளே பூஞ்சை வளர்த்துத் தின்னும் வண்டு அது. மரம் காய்ந்ததும் போய்விடும், ஆனால் கருத்த துளைகள் நிரந்தரம். அந்த மூன்றும் இப்போது என் வீட்டின் பின்சுவரில், அலமாரிக்குப் பின்னால் இருக்கின்றன.

உரிக்க இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி சிறந்தது. கிடைக்காவிட்டால் பழைய மண்வெட்டித் தகட்டைத் தீட்டி நீளக் கைப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். பாராங் கத்தியால் கொத்தினால் மரம் முழுக்கக் காயம், அந்தக் காயத்திலெல்லாம் தண்ணீர் நிற்கும். உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீய்ச்சியும் சில மரங்களுக்கு வேலை செய்யும், ஆனால் இலேசு மரத்தின் நாரைப் பிய்த்துவிடும்.

"வெட்டுமுனையில சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்களே, அது அழகுக்கா?"

மரத்துக்குள் தண்ணீர் ஏறும் குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றின் வாய் திறந்திருப்பது இரண்டு முனைகளில்தான். அங்கே பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாகக் காயும். முனை சுருங்கி நடுப்பகுதி சுருங்காமல் இருந்தால் முனை வெடிக்கும். அதற்காகத்தான் மெழுகுக் கலவையோ தடித்த பெயிண்டோ பூசுவது. வெட்டிய அன்றே பூச வேண்டும். வெடிப்பு தெரிந்த பிறகு பூசுவது வீண். அளவை 30 சென்டிமீட்டர் கூடுதலாகவே வாங்குங்கள், முனை வெடித்தாலும் அறுத்துத் தள்ளிவிடலாம்.

"எத்தனை மாசம் காயணும்? மீட்டர் வச்சுப் பார்த்தா போதுமா?"

முழுவதும் காயும் வரை காத்திருந்தால் பேரன் வந்துதான் வீடு கட்டுவான். தடித்த கனமரக் கட்டை உள்ளே வரை காயப் பல ஆண்டுகள் ஆகும். வெளிப்புறம் ஓரளவு காய்ந்து, பெரிய வெடிப்புகள் வந்து அடங்கியபின், மீதிச் சுருக்கத்துக்கு இடம் விட்டுக் கட்டுவதுதான் வழக்கம். நான் 14 மாதம் போட்டுவைத்தேன். நம் ஊர்க் காற்றில் மரம் எவ்வளவு காய்ந்தாலும் ஈரப்பதம் ஏறக்குறைய 15 முதல் 18 சதத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே இறங்க ஏர்கோன் அறை வேண்டும்.

ஊசி குத்தும் ஈரப்பத மீட்டர் தோலைத்தான் படிக்கும். உள்ளே தெரிய, முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய வட்டத் துண்டு அறுத்து, உடனே எடை போடுங்கள். பிறகு அடுப்பில் 103 டிகிரியில், எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். என் துண்டு முதலில் 620 கிராம், உலர்ந்தபின் 400 கிராம். போன தண்ணீர் 220. அதை உலர்ந்த எடையால் வகுத்தால் 55 சதம். வெளியில் மீட்டர் 19 காட்டிய அதே கட்டை. இந்தச் சோதனையை வீட்டில் கேக் சுடும் அடுப்பில் செய்வதற்கு முன் வீட்டம்மாவிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, ஒரு மாதம் கேக்கில் கற்பூர வாசனை.

"எப்படி அடுக்கி வைக்கணும்? பிளாஸ்டிக் போட்டு மூடிடலாமா?"

தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் தாங்குகட்டை, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி, மேலே தகரக் கூரை, நான்கு பக்கமும் திறப்பு. பிளாஸ்டிக்கைச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். (மருந்து ஏற்றும்போது மட்டும் விலக்கு, அது கீழே வருகிறது.) வாரம் ஒருமுறை கால் சுற்று புரட்டிவிடுங்கள். லாலான் புல்லைச் சுற்றிலும் வெட்டிவிடுங்கள்.

பினாங்கில் மழை செப்டம்பர், அக்டோபரில் உச்சம். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் கொஞ்சம் வறட்சி. தண்ணீர்மலையில் தைப்பூசக் காவடி எடுக்கிறவர்களின் கால் தார்ச்சாலையில் சுடும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வறட்சி தொடங்கும்போது கட்டை உரித்துத் தயாராக இருக்கும்படி வாங்கினால் பாதிக் கவலை இல்லை.

"தேய்பிறையில வெட்டினா உளுக்காதுன்னு எங்க பாட்டி சொல்வாங்க. உண்மையா?"

என் பாட்டியும் சொல்வார், குறிப்பாக மூங்கிலுக்கு. உளுப்பது மாவுச்சத்தைத் தேடி வரும் பூச்சியால். நிலாவைப் பார்த்து வெட்டிவிட்டு இரண்டு வாரம் பட்டையோடு போட்டால் ஒரு பலனும் இல்லை. வளர்பிறையில் வெட்டி அன்றே உரித்தால் பிழைத்துக்கொள்ளும். பாட்டியின் மனம் நோகாமல் இருக்க, தேய்பிறையில் வெட்டி அன்றே உரியுங்கள்.

"ஆத்துலயோ கடல்லயோ ஊறப்போட்டா நல்லதுன்னு சொல்றாங்களே?"

நன்னீரில் முழுக்க மூழ்கியிருக்கும்படி ஊறவைப்பது நல்ல பழைய வழி. மரத்துக்குள் காற்று இல்லாவிட்டால் வண்டும் நீலப் பூஞ்சையும் வாழ முடியாது, மாவுச்சத்தும் நாளடைவில் குறையும். உரிக்க ஆள் கிடைக்காத வாரங்களில் குளத்தில் போட்டுவைக்கலாம். பாதி மூழ்கி, பாதி வெளியே என்றால் அந்தப் பாதி கெட்டுவிடும்.

கடல் வேண்டாம். தெலுக் பஹாங் பக்கம் ஒருவர் கட்டைகளைக் கயிறு கட்டிக் கரையோரம் விட்டார். சில மாதம் கழித்து அறுத்தால் உள்ளே தேன்கூடு. கப்பல் புழு வேலை. பார்க்கப் புழு, பிறப்பால் சிப்பி இனம். வெளியே பார்த்தால் ஊசித் துளைதான் தெரியும். அத்தோடு உப்பு ஏறிய மரத்தில் ஆணியும் போல்ட்டும் சீக்கிரம் துருவேறும்.

"சுவருக்குக் கீழ தூள் கொட்டிக் கிடக்கு. கரையானா?"

தூளை வெள்ளைத் தாளில் எடுத்துப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். பச்சைக் கட்டையில் இழையாக நீண்டால் பட்டைக் கேள்வியில் சொன்ன வண்டு. மரம் காய்ந்தால் நின்றுவிடும். காய்ந்த கட்டையில் முகப் பவுடர் மாதிரி வழுவழுப்பாகக் கொட்டினால் உளுக்கும் வண்டு. வெள்ளைப் பகுதியில் மாவுச்சத்து தீரும்வரை விடாது. மணல் மாதிரி கொரகொரப்பாக, ஒரே அளவுக் குருணையாக இருந்தால் உலர்மரக் கரையானின் எச்சம். தூளே இல்லாமல் கான்கிரீட் காலில் பென்சில் தடிப்பு மண் குழாய் ஏறியிருந்தால், அதுதான் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய நிலத்தடிக் கரையான்.

அதற்காகத்தான் வீட்டை 60 சென்டிமீட்டர் தூக்கச் சொன்னேன். மருந்து அடிப்பதைவிட, குனிந்து எட்டிப்பார்க்க இடம் இருப்பது முக்கியம். காலின் தலையில் ஓரம் கீழ்நோக்கி மடித்த தகட்டுத் தொப்பி வையுங்கள். அது கரையானைக் கொல்லாது, மறைவாக ஏற முடியாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும். நான் மாதம் முதல் ஞாயிறு ஒரு டார்ச்சோடு வீட்டுக்கடியில் ஊர்ந்து வருகிறேன்.

"என்ன மருந்து? கேரம் போர்டுல தூவற பவுடர்னு சொன்னீங்களே, விளையாட்டா?"

விளையாட்டில்லை. போரிக் அமிலமும் போராக்ஸும் சேர்ந்த கலவை. எடையில் போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு. 10 லிட்டர் வெந்நீரில் ஒரு கிலோ கலவை, அதாவது 600 கிராமும் 400 கிராமும். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், பிள்ளைகளையும் நாய் பூனைகளையும் தூர வையுங்கள்.

இந்த மருந்து ஈரத்தில் ஊர்ந்துதான் உள்ளே போகும். அதனால் மரம் பச்சையாக இருக்கும்போதே, பட்டை உரித்த கையோடு அடிக்க வேண்டும். காய்ந்தபின் அடித்தால் தோலோடு நின்றுவிடும். நன்றாக நனைய இரண்டு மூன்று முறை அடித்து, பிளாஸ்டிக்கால் இறுக்கி மூடி இரண்டு முதல் நான்கு வாரம் விடுங்கள். பிறகு பிரித்து, முன்பு சொன்ன மாதிரி அடுக்கிக் காயவிடுங்கள். கனமர வைரத்துக்குள் அதிகம் இறங்காது. பரவாயில்லை, வெள்ளைப் பகுதிக்குத்தான் அது தேவை. ஒரே குறை, மழையில் கரைந்து வெளியேறிவிடும். கூரை நீளமாக வேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம். வீடு முடிந்ததும் தண்ணீர் ஒட்டாத வெளிப்பூச்சு ஒன்று கொடுத்து, மங்கும்போது மறுபடி பூசுங்கள்.

"கருப்பு எண்ணெய், அதான் பழைய எஞ்சின் ஆயில், அடிச்சா போதாதா? சும்மா கிடைக்குதே."

வேண்டாம். உள்ளே இறங்காது, மேலே வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, மண் கெடும், வீடு பட்டறை மாதிரி நாறும். பச்சை நிறமாக மருந்து ஏற்றிய கம்பங்கள் வாங்கினால் இன்னொரு எச்சரிக்கை. செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஏற்றிய மரத்தின் துண்டுகளை எரிக்கவே கூடாது, அதில் சாத்தே சுடுவதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

"கட்டையில விரல் நுழையற அளவு வெடிப்பு. ஏமாத்திட்டாங்களா?"

யாரும் ஏமாற்றவில்லை. மரம் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே செல்லும் வாக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நட்டநடுவை உள்ளே வைத்திருக்கும் முழுக்கட்டை எங்காவது ஓரிடத்தில் வாயைத் திறந்தே ஆக வேண்டும். எங்கே திறக்கும் என்பதை நாம் முடிவு செய்யலாம். கட்டையின் ஒரு பக்கம் முழு நீளத்துக்கும், குறுக்களவில் கால் பங்கு ஆழம், செயின்சாவால் ஒரு கோடு இறக்குங்கள். 30 சென்டிமீட்டர் கட்டைக்கு ஏழெட்டு சென்டிமீட்டர். பெரும்பாலான வெடிப்பு அந்தக் கோட்டிலேயே விரியும். கட்டும்போது கோட்டை மேற்புறம் வைத்து, அதன் மேல் அடுத்த கட்டையை உட்காரவைத்தால் வெளியே தெரியாது.

பலம் குறையுமா என்று அடுத்து கேட்பார்கள். நீளவாக்கு வெடிப்பால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. வானத்தைப் பார்த்து வாய் திறந்த வெடிப்புதான் வினை, மழைநீர் தேங்கி உள்ளிருந்து அழுகும். அப்படி இருந்தால் வளைந்து கொடுக்கும் சீலன்ட் வைத்து அடையுங்கள். சிமெண்டு வைத்து அடைத்தால் மரம் அசையும்போது உடைந்து, உள்ளே தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

"நார் இடது பக்கம் முறுக்கியிருந்தா அந்தக் கட்டையே ஆகாதுன்னு காணொளியில சொன்னாங்க. நம்ம மரத்துக்கும் அதேதானா?"

அவர்கள் சொல்வது ஊசியிலை மரத்துக்கு. வலது கையைக் கட்டையின்மேல், விரல்கள் நீளவாக்கைப் பார்க்கும்படி வையுங்கள். நார் கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் இடமுறுக்கு, சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் வலமுறுக்கு. இடமுறுக்கு அதிகமானால் காயும்போது கட்டை திருகிக்கொண்டு மூட்டுகளைப் பிரித்துவிடும்.

நம் காட்டு மரங்கள் பலவற்றில் ஒரு அடுக்கு நார் இடமாகவும் அடுத்த அடுக்கு வலமாகவும் பின்னிக்கிடக்கும். செங்கால், கெம்பாஸ் எல்லாம் அப்படி. கோடரியால் பிளக்க முயன்றவர்களுக்குத் தெரியும். பின்னல் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் திருகல் குறைவு. ஆனால் இழைப்புளி போட்டால் எந்தத் திசையில் தள்ளினாலும் பாதி நார் பிய்த்துக்கொண்டு வரும். தோல் நாரை மட்டும் பார்த்துக் கட்டையைத் தள்ளாதீர்கள். சில மாதம் காயவிட்டு, இரண்டு முனையிலும் தூக்குக்குண்டு தொங்கவிட்டுக் கோடு போட்டுவையுங்கள். கோடுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்தால் அந்தக் கட்டையைத் துண்டாக்கி ஜன்னலுக்குப் பக்கத்தில் குட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

"கதவு நிலைக்கு மேல இடைவெளி விட்டிருக்கீங்களே, அளவு தப்பிடுச்சா?"

வேண்டுமென்றே விட்டது. படுத்த கட்டை குறுக்கே சுருங்கும், நீளத்தில் சுருங்குவது மிகச் சொற்பம். அதனால் சுவர் உயரத்தில் இறங்கும். வட அமெரிக்காவில் பச்சைக் கட்டைக்கு உயரத்தில் 6 சதம் இடம் விடுகிறார்கள், 2.4 மீட்டர் சுவருக்கு 14 சென்டிமீட்டருக்கு மேல். அங்கே குளிர்கால ஹீட்டரில் மரம் நன்றாக வற்றுகிறது. நம்முடையது 15, 18 சதத்தில் நிற்பதால் இறக்கம் குறைவு. நான் 8 சென்டிமீட்டர் விட்டேன், நான்கு ஆண்டில் நாலரை இறங்கியது. இடைவெளியைப் பலகையால் மறைத்து, பலகையை மேல் கட்டையில் மட்டும் அடியுங்கள். நிலையிலும் சேர்த்து அடித்தால் கதவு ஒரு நாள் திறக்காது.

இதில் பலர் தவறவிடுவது திண்ணைத் தூண். அது நின்ற மரம், உயரம் குறையாது. சுவர் இறங்கும், தூண் இறங்காது, கூரை முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தூணின் அடியில் திருகு ஜாக்கி வைத்து ஆண்டுக்கு ஒருமுறை திருகி இறக்க வேண்டும். நான் இதைத் தெரிந்துகொண்டது மழைநீர் திண்ணைப் பக்கம் வடியாமல் வீட்டுக்குள் திரும்பிய அன்று.

"ஆணியைச் சுத்தி மை கொட்டின மாதிரி கருப்பா இருக்கு. அழுகலா?"

அழுகல் இல்லை. காப்பூர் மாதிரி மரங்களில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை வரும். பழைய காலத்தில் எழுதும் மையையே அப்படித்தான் செய்தார்கள். காப்பூரும் கெம்பாஸும் அமிலத்தன்மை உள்ளவை, சாதா ஆணியைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள், வெளிச்சுவரில் அதில் கஞ்சம் வேண்டாம். கட்டையைச் சங்கிலியால் கட்டித் தூக்கும்போதும் ஈரச் சங்கிலித் தடம் கருப்பாகப் பதியும். அதற்கு நைலான் பட்டை போடுங்கள்.

"வந்து பார்க்கலாமா?"

வாருங்கள், ஞாயிறு காலை இருப்பேன். ஜூன், ஜூலை மட்டும் வேண்டாம். டுரியான் விழுகிற நேரம், தலைக்கு நான் பொறுப்பில்லை. கட்டையோடு லோரியில் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தோட்டத்துப் பாலம் ஒரு வேனைத்தான் தாங்கும்.